மயக்கமும் வழுவும்

(தம்புள்ளையில் தமிழ் கற்பிக்கும் பழைய மாணவர் ஒருவர் எழுதியது)

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று வரைந்தனுப்புமாறு மலர்க் குழுவினர் பணித்தபொழுது, கல்லூரியின் பழம் பெருமைகளுள் ஒன்றையோ விடுதிக் காலத்து வேடிக்கைகளுள் ஒன்றையோ யான் எழுதுவேனென்று அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை என்னினும் செவ்விதாக எழுத வல்ல மூத்தோர் பலர் நம்மிடையே உளர். யான் எழுதப் புகுவது நோயொன்றைப் பற்றி. தமிழாசிரியனுக்கு நோயைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று அன்பர்கள் வினவலாம். இந்நோய் இரத்தத்தாலும் சிறுநீராலும் அறியப்படுவதன்று. நோயாளியின் சொல்லாலேயே முதன்முதல் அறியப்படுவது. சொல்லைப் பற்றியதாயின் எமக்கும் அதில் சிறிது பங்கு உண்டன்றோ?

பவணந்தி முனிவர் நன்னூலில் வழுக்களை ஏழு என்று வகுத்தார். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழும் ஒன்றோடொன்று மயங்கினால் வழுவாம். ‘மயங்குதல்’ என்பதே அவர் ஆண்ட சொல். உயர்திணையை அஃறிணையாகவும், இறந்த காலத்தை எதிர்காலமாகவும், தன்மையைப் படர்க்கையாகவும் கூறுவதெல்லாம் இலக்கணத்தார்க்கு மயக்கமே. நம் கல்லூரியிலே இப்பகுதியைப் படித்த காலத்தில், இத்தகைய வழுவை எவன்தான் பேசுவான் என்று யாங்கள் எண்ணி நகைத்ததுண்டு. பால் வழுவும் ஒருமை பன்மை வழுவும் பரீட்சைத் தாளில் வரும். இட வழுவும் காலவழுவும் வாழ்க்கையில் வருவதில்லை என்பது எங்கள் துணிபு.

வாழ்க்கையில் அவை வருகின்ற இடம் ஒன்று உண்டு. அது சத்திர சிகிச்சை விடுதி.

என் தாயாரின் தமையனாராகிய மாமா 72 அகவையினர். யாழ்ப்பாணத்திலிருந்து இளமையிலேயே தம்புள்ளைக்கு வந்து வெங்காய வியாபாரத்திற் கணக்கெழுதியவர். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியும் திருகோணமலைக்குச் செல்லும் ஏ6 வீதியும் ஒன்றுகூடும் இவ்வூரில், 1999 ஆம் ஆண்டு பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்படுவதற்கு முன்னிருந்தே அவருக்குக் கடைத்தெருப் பழக்கம் உண்டு. வடக்கிலிருந்து சின்ன வெங்காயம் வரும். கலேவெலப் பக்கத்திலிருந்து பெரிய வெங்காயம் வரும். இரவு இரண்டு மணிக்கு லொறிகள் நிரைகட்டி நிற்கும். அவ்வேளையில் விளக்கடியில் அமர்ந்து மூட்டை எண்ணி எழுதியவர் மாமா. அளந்து பேசுவார். என்னைத் ‘தம்பி’ என்றும் ‘நீர்’ என்றுமன்றி ஒருநாளும் வேறுவிதமாக அழைத்தறியார்.

அவருக்குப் பெருங்குடலிற் புற்றுநோய் கண்டது. நம் மாத்தளை மாவட்டத்தார் இத்தகைய நோய்க்குக் கண்டிக்கோ மஹரகமைக்கோ போதல் வழக்கம். வடக்கிலுள்ளார்க்குத் தெல்லிப்பழையிலும் புற்றுநோய் வைத்தியசாலை உண்டு. மாமாவைச் சேர்த்த இடம் எதுவென்று ஈண்டுக் கூறேன். பெரியதோர் அரசாங்க வைத்தியசாலை என்று கொள்க. செவ்வாய்க்கிழமை சத்திர சிகிச்சை நிகழ்ந்தது. கட்டியுள்ள பகுதியை அறுத்தெடுத்து, குடல் ஆறும்வரை வயிற்றிலே தற்காலிகமாக ஒரு வாயில் அமைத்தனர். சிகிச்சை செவ்வனே நடந்தேறியது. புதன்கிழமை மாலை யாங்கள் சென்றபொழுது மாமா பேசினார். கஞ்சி எப்பொழுது தருவார்கள் என்று கேட்டார். மகிழ்ச்சியோடு திரும்பினோம்.

வியாழக்கிழமை நண்பகலிற் சென்றபொழுது, கையிலே ஏறிக்கொண்டிருந்த சேலைன் குழாயை அவர் பிடித்திழுத்தவண்ணம், “இவன் என்ரை கையை விடுறானில்லை” என்றார். குழாய் அஃறிணை. மாமாவுக்கு அது ‘இவன்’ ஆயிற்று. சிறிது பொறுத்து, “கணக்கப்பிள்ளை இன்னும் வரேல்லை, லொறி காத்துக்கொண்டு நிக்குது” என்றார். கணக்கப்பிள்ளை அவரே. தன்மை படர்க்கையாயிற்று. பின்னர் என்னை நோக்கி, “அண்ணை, நீங்கள் நாளைக்கு வரேக்கை கொப்பியைக் கொண்டு வாருங்கோ” என்றார். அவருடைய அண்ணர் இறந்து 9 ஆண்டுகள் ஆகிவிட்டன. காலமும் ஆளும் ஒருங்கே மயங்கின. வலிக்கிறதா என்று மாமி கேட்டதற்கு, “மூட்டை நாற்பத்திரண்டு” என்பது விடையாயிற்று.

இலக்கண நூலார் வழுவமைதி என்றும் ஒன்று கூறுவர். மகிழ்ச்சி, சிறப்பு, சினம், இழிப்பு முதலிய காரணம் பற்றித் திணையும் பாலும் மயங்குமாயின் அதனை அமைத்துக் கொள்க என்பர். கன்றுக்குட்டியை ‘என் அம்மை வந்தாள்’ என்று கொஞ்சுவான் இடையன், அது குற்றமாகாது. மாமாவின் பேச்சையும் அவ்வாறு வலியின் பெயரால் அமைத்துக்கொள்ளலாகுமோ என்று யான் சிறிது நேரம் எண்ணிப் பார்த்ததுண்டு. ஆகாது என்றே தோன்றிற்று. அன்பினாலும் சினத்தினாலும் மயங்குபவனுக்குத் தான் மயங்கியது தெரியும். மாமாவுக்குத் தெரியவில்லை.

இந்நிலையை மேனாட்டு மருத்துவர் ‘டெலிரியம்’ என்பர். கிறித்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டிலே இலத்தீன் மொழியில் மருத்துவ நூல் யாத்த செல்சசு என்பார் ஆண்ட சொல் அது. அதன் வேர்ப்பொருள் உழவரிடமிருந்து வந்ததாம். ‘லீரா’ என்பது படைச்சால். ஏர் படைச்சாலை விட்டு விலகியோடுவது ‘டெலிரியம்’. நெல்விளையும் நாட்டில் வாழும் நமக்கு இதனினும் தெளிவாக விளக்க வேண்டுவதில்லை. நம் மூத்தோர் இதனைச் ‘சன்னி’ என்றனர். சிங்கள மக்களிடத்தும் அச்சொல் உண்டு. சன்னி பதினெட்டு என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு முகமூடி செய்து ஆடும் சடங்கு தென்னிலங்கையில் இருந்து வருவது. தம்புள்ளையில் எங்கள் அயலவரான சிங்கள மூதாட்டி, மாமாவுக்கு நூல் கட்டவேண்டுமென்று கண்ணீர் மல்கக் கூறினார். அவர் கட்டுவித்த நூலும் மாமாவின் கையில் இருந்தது. அதனால் ஊறேதும் விளையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பித்தும் சித்த மயக்கமும் ஒன்றல்ல. முதுமையில் வரும் மறதி நோயும் இதுவன்று. மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்லப் படரும். சித்த மயக்கமோ நேற்று இல்லாதிருந்து இன்று தோன்றும். காலையில் தணிந்து இரவில் எழும். அமெரிக்காவிலே ஷரன் இனோயே என்னும் மருத்துவ அம்மையாரும் அவர்தம் துணைவரும் 1990 ஆம் ஆண்டு இதனை அறியும் முறையொன்றை வகுத்து வெளியிட்டனர். திடீரெனத் தோன்றி ஏறியிறங்குவது, கவனம் ஓரிடத்தில் நில்லாதது ஆகிய இரண்டும் இருக்க, அவற்றோடு பேச்சு கோவையற்றிருத்தல், விழிப்பு நிலை மாறியிருத்தல் என்னும் இரண்டில் ஒன்றேனும் சேருமாயின் அது சித்த மயக்கம் என்று துணியலாம். உலகமெங்கும் வைத்தியசாலைகளில் இம்முறை இன்றும் கையாளப்படுகிறது.

புற்றுநோய்ச் சத்திர சிகிச்சைக்குப் பின் இது ஏன் தோன்றுகின்றது? காரணம் ஒன்றாயிருத்தல் அரிது. முதிய உடல், நீண்ட நேரச் சிகிச்சை, குருதியிழப்பு, பட்டினி, தூக்கமின்மை, குருதியில் உப்புக் குறைதல், சிறுநீர் கட்டுதல், கிருமித் தொற்று என்று பல கூடும். இவற்றுள் மிகுதியும் முன்னிற்பவை மருந்துகளே. வலி தணிக்கும் மோர்பீன் ஈரலில் மாற்றமடைந்து சிறுநீரகத்தின் வழி வெளியேறுவது. முதியவரின் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அதன் எச்சம் உடலில் தங்கி மூளையை மயக்கும். பெத்திடீனின் எச்சம் இன்னும் கொடிது. அது நரம்பைக் கிளர்ச்சியுறச் செய்யும். குமட்டலைத் தடுக்கக் கொடுக்கும் ஸ்டிரொயிட் சிலரைத் தூங்கவிடாது. ஒவ்வாமைக்கும் சளிக்கும் நாம் கடையிலே தாமே வாங்கி விழுங்கும் பழைய குளிசைகளும், அடிக்கடி சிறுநீர் கழிதலை நிறுத்தக் கொடுக்கும் குளிசைகளும் இவ்வரிசையில் அடங்கும்.

இக்குளிசைகள் செய்வது என்ன என்பதைச் சிறிது சொல்லவேண்டும். நரம்பினின்று நரம்புக்குச் செய்தி கடத்தும் பொருள்களுள் ஒன்று அசற்றைல்கோலீன். 1921 இல் ஓட்டோ லோவி என்னும் அறிஞர் இரு தவளை இதயங்களைக் கொண்டு நிகழ்த்திய சோதனையால், நரம்பின் செய்தி இரசாயனப் பொருளாற் கடத்தப்படுவது நிறுவப்பட்டது. அச்சோதனைக்கான வழி அவருக்குக் கனவில் தோன்றியதாம். நள்ளிரவில் எழுந்து எழுதி வைத்ததைக் காலையில் தம்மாலேயே வாசிக்க முடியாதுபோக, மறுநாள் இரவு மீண்டும் அக்கனவு வந்ததாம். அப்பொருளைத் தடுக்கும் மருந்துகளோ விழித்திருப்பவனையே கனவு காணச் செய்கின்றன. இது நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. ஊமத்தையை உண்டவன் உளறுவான் என்பதை நம் ஊர்ச் சிறுவனும் அறிவான். அத்திரோப்பீனும் ஹயோசீனும் ஊமத்தையில் உறைவன. வடமொழியில் ‘உன்மத்தம்’ என்னும் சொல் பித்தையும் இச்செடியையும் ஒருங்கே குறிக்கும். இறைவன் சூடும் மலரை நாம் பறித்துத் தின்பதில்லை. ஆயினும் அதன் பங்காளிகளைச் சளிக் குளிசையின் உருவில் மூன்று வேளையும் விழுங்குகின்றோம்.

மீண்டும் மாமாவிடம் வருவோம். வியாழன் இரவு அவர் கட்டிலினின்று இறங்க முயன்றார், தாதியர் தடுத்தனர். விட்டத்தில் எறும்பு நிரை போவதாகவும், தம்முடைய கணக்குக் கொப்பியை எவரோ களவாடியதாகவும் கூவினார். அவர் கூவியது தமிழில். அவ்விடுதியில் இரவுக் கடமையிலிருந்த எவருக்கும் தமிழ் தெரியாது. ‘நோயாளி உரத்துப் பேசினார்’ என்பதே அவர்கள் அறிந்தது. பகலில் அவர் சோர்ந்து கண்மூடிக் கிடந்தார். அதனை ‘அமைதியாயிருக்கிறார்’ என்று எழுதிவைத்தனர். அவர்களை யான் குறைகூற மாட்டேன். இருவர் நாற்பது பேரைப் பார்க்க வேண்டிய இரவு அது.

ஆயினும் இதுவே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்தி. சித்த மயக்கத்தில் இருவகை உண்டு. கூவி எழுந்து குழாயைப் பிடுங்குவது ஒரு வகை. அதனை எவரும் காண்பர். ஓசையின்றிச் சோர்ந்து கிடப்பது மற்றொன்று. முதியோரிடத்தே மிகுதியாகக் காணப்படுவதும், எளிதில் தவறவிடப்படுவதும் இவ்விரண்டாவது வகையே. தன் மொழி பேசுவார் இல்லாத விடுதியிலே வாய்பேசாது கிடக்கும் முதியவர், நல்ல நோயாளி என்று பெயரெடுப்பார். அவர் பேசாதிருப்பது மொழி தெரியாமையாலா, மதி மயங்கினமையாலா என்று எவர் அறிவார்? 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தாலே தமிழும் அரசகரும மொழியாயிற்று. சட்டம் வைத்தியசாலை வாயிற் பலகை வரையும் வந்துவிட்டது. நள்ளிரவில் நோயாளியின் கட்டிலருகே வந்து சேர இன்னும் சில காலம் ஆகும் போலும். தெல்லிப்பழையிலோ யாழ்ப்பாணத்திலோ சிங்கள நோயாளி ஒருவர் கிடப்பாராயின் அவர்க்கும் நிலை இதுவே என்பதை மறத்தலாகாது.

வெள்ளிக்கிழமை காலை, இளம் வைத்தியர் ஒருவரிடம் யான் சிங்களத்தில் விடயத்தை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மாமாவை எழுப்பி, ஆண்டின் மாதங்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லுமாறு கேட்கச் சொன்னார். இது கவனத்தை அளக்கும் சோதனை, படிப்பறிவை அளப்பதன்று. யான் கேட்கப் புகுமுன் அவர் ஒரு நிபந்தனை விதித்தார். “அவர் சொல்வதைத் திருத்தாதீர்கள், மாஸ்டர். உடைந்திருந்தால் உடைந்தபடியே எனக்குச் சொல்லுங்கள்” என்றார்.

இருபது ஆண்டுகளாகப் பிறர் வாக்கியத்தைத் திருத்தியே பிழைப்பு நடத்துபவனுக்கு இட்ட கட்டளை இது! மொழிபெயர்ப்பவனின் கை இயல்பாகவே ஒழுங்கு செய்யும். எழுவாய் இல்லாத வாக்கியத்துக்கு எழுவாய் தேடிக் கொடுக்கும், பொருளற்றதைப் பொருளுள்ளதாக்கும். உறவினன் மொழிபெயர்ப்பானாயின் அன்பும் சேர்ந்து மறைக்கும். ஆனால் அவ்விடத்தில் வழுவே சான்று. அதனைத் திருத்திக் கொடுத்தால் நோயை மறைத்ததாகும். மாமா, “பங்குனி, மாசி, தை, மார்கழி, கார்த்திகை, ஐப்பசி” என்று நன்றாகத் தொடங்கினார். “ஐப்பசி மழை, வெங்காயம் அழுகிப்போம், படங்கை இழுத்து மூடுங்கோ” என்றார். பின்பு என்ன கேட்டோம் என்பதே அவருக்கு நினைவில்லை. யான் மழையையும் படங்கையும் அழுகிய வெங்காயத்தையும் உள்ளவாறே சிங்களத்திற் சொன்னேன். வைத்தியர் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

அடுத்து அவர் கேட்டது, மாமா வீட்டில் உட்கொண்ட மருந்துகள் எவை என்பது. கிளினிக் கொப்பியில் பிறஷர்க் குளிசை மட்டும் எழுதியிருந்தது. வேறொன்றும் இல்லை என்றார் மாமி. வைத்தியர் விடவில்லை, இரவில் தூங்க ஏதேனும் எடுப்பாரா என்று குறித்துக் கேட்டார். “ஓம், அது மருந்தில்லையே, நித்திரைக் குளிசை” என்றார் மாமி. அண்ணர் இறந்த ஆண்டிலே எவரோ எழுதிக்கொடுத்த டயசிபாம், ஒன்பது ஆண்டுகளாக மருந்துக்கடையில் வாங்கப்பட்டு, மாமியின் வெற்றிலைப் பெட்டிக்குள் இருந்துவந்தது. கொப்பியில் ஏறாதது எவர் கண்ணிலும் படவில்லை. சத்திர சிகிச்சையன்று அது திடீரென நின்றது. நீண்ட நாள் பழகிய நித்திரைக் குளிசை சட்டென நின்றால், மது நின்றாற்போலவே நரம்பு கொதித்தெழும். ஒருபுறம் பழகிய மருந்து நின்றது. மறுபுறம் பழகாத மருந்து ஏறிற்று. மாமா இரண்டுக்கும் நடுவே அகப்பட்டார்.

மதுவைப் பற்றியும் ஈண்டு வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நம் குடும்பங்களிலே வைத்தியர் கேட்கும்போது, ‘அவர் குடிப்பதில்லை’ என்று மனைவி கூறுவதை மானம் என்று கருதுகிறோம். நாள்தோறும் அருந்தியவர் கட்டிலிற் படுத்த இரண்டாம் மூன்றாம் நாள் நடுங்கி மயங்கும்போது அம்மானம் அவர் உயிருக்கே உலையாகலாம். வைத்தியரிடம் சொல்வது ஊராரிடம் சொல்வதாகாது.

இதனிடையே வேறொரு நெருப்பு மூண்டது. வியாழன் மாலை மாமா தம் மகனை, அதாவது என் மைத்துனனை, முகத்துக்கு நேரே, “நீ என்ரை கடையை வித்துப்போட்டாய், கள்ளன்” என்றார். அவன் ஒன்றையும் விற்றவன் அல்லன். தந்தையார் நோயுற்ற நாள்முதல் கடையைத் தனித்துக் காத்தவன். வெள்ளிக்கிழமை காலையில் மாமா தெளிந்தாற்போல் இருந்த ஒரு மணி நேரத்தில், அதே சொல்லை அமைதியாக மீண்டும் கூறி, நொத்தாரிசை அழைத்து வரச் சொன்னார்; கடைப் பங்கை மகள் பெயருக்கு மாற்றி எழுதவேண்டுமாம். அருகிருந்த உறவினர் ஒருவர், தீய எண்ணம் ஏதுமின்றியே, “காலையில் தெளிவாய்த்தானே பேசினார், அவர் மனம்போல் செய்வோம்” என்று நொத்தாரிசுக்குத் தொலைபேசியும் எடுத்துவிட்டார்.

சித்த மயக்கத்தின் வஞ்சனை இதுதான். அது எப்பொழுதும் ஒரே அளவில் இராது. காலையில் பெரிய வைத்தியர் சுற்றி வரும் வேளையில் நோயாளி “சுகம்” என்பார். பெயரையும் ஊரையும் பிழையறச் சொல்வார். அத்தெளிவு மெய்த்தெளிவன்று, மேகத்திடையே தோன்றும் வெயில். இளம் வைத்தியரைக் கேட்டோம். மயக்கம் முற்றும் நீங்கிச் சில நாள் கழியுமட்டும் எவ்வகை உறுதியிலும் கையொப்பம் பெறவேண்டா என்று அவர் திட்டமாகக் கூறினார். மரண சாசனமானாலும் உறுதியானாலும் தெளிந்த சித்தத்தோடு எழுதப்படவேண்டுமென்பது சட்டமும் அன்றோ? நொத்தாரிசு வரவில்லை.

சினந்தபோதும் குடித்தபோதும் உள்ளத்தில் உள்ளது வாயில் வரும் என்பது நம் ஊர் நம்பிக்கை. என் மைத்துனன் அதைப் பற்றிக்கொண்டு, “அப்பாவின்ரை மனசிலை இருந்ததுதானே வந்தது” என்று இரண்டு நாள் உண்ணாதிருந்தான். யான் அவனிடம் கேட்டேன்: “மச்சான், அவர் சேலைன் குழாயையும் ஒருவன் கையைப் பிடித்து நிற்கிறான் என்றாரே, அதுவும் மனசிலை இருந்ததா? விட்டத்து எறும்பும் மனசிலை இருந்ததா?” மயக்கத்தில் எழும் சொற்களுள் நமக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி மெய்யென்று கொள்வது நியாயமாகாது. அச்சம், களவு, வஞ்சனை ஆகியவை பற்றிய எண்ணம் இந்நோயாளர் பலரிடம் தோன்றுவது. அவ்வெண்ணம் அருகிலுள்ளார்மேல் ஏறும். எப்பொழுதும் அருகிலிருப்பவர் அன்புடையவரே. ஆகவே அம்பு அவர்மேற் பாயும்.

வைத்தியர் செய்தவை பெரிதும் எளியனவே. குருதியிலுள்ள உப்பையும் ஒட்சிசன் அளவையும் பார்த்தார்; சிறுநீரில் கிருமியுண்டா என்று பார்த்தார். மோர்பீனைக் குறைத்து, பரசிற்றமோலை நேரந்தவறாது கொடுக்கச் செய்தார். அடியோடு நிறுத்தவில்லை, ஏனெனில் தணியாத வலியும் மயக்கத்தை வளர்க்கும். மோர்பீன் என்றவுடன் அஞ்சி வேண்டாவென்று மறுப்பாரும் நம்முள் உளராதலின் இதனை அழுத்திச் சொல்கிறேன். நின்றுபோன நித்திரைக் குளிசையைச் சிறிதாக மீண்டும் கொடுத்து, பின் நாட்கணக்கிற் படிப்படியாகக் குறைத்தார். மாமி பத்திரமாகப் பூட்டி வைத்திருந்த மூக்குக் கண்ணாடியை அணிவிக்கச் சொன்னார். சாளரத்தருகே கட்டிலை மாற்றினர். பகலில் கதிரையில் உட்கார்த்தினர். யாங்கள் முறைவைத்து ஒருவர் உடனிருக்கத் துண்டு எழுதித் தந்தார்.

இவை சில்லறை வேலைகள் என்று எண்ணற்க. யேல் பல்கலைக்கழக வைத்தியசாலையில் 70 அகவையும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளரைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வொன்றை இனோயே அம்மையார் 1999 இல் வெளியிட்டார். அந்நோயாளர் பொது மருத்துவ விடுதியினர். சத்திர சிகிச்சை பெற்றவர் அல்லர். வழக்கமான பராமரிப்பைப் பெற்றோருள் நூற்றுக்கு 15 பேர் சித்த மயக்கமுற்றனர். இடமும் நாளும் சொல்லி நினைவூட்டல், எழுப்பி நடத்தல், தூக்கத்தைக் காத்தல், கண்ணாடியும் செவிக்கருவியும் அணிவித்தல், நீர் அருந்தச் செய்தல் ஆகியவற்றைப் பெற்றோருள் அத்தொகை நூற்றுக்கு 9.9 ஆகக் குறைந்தது. இப்பட்டியலில் உள்ளவற்றுட் பல, நம் தாய்மார் சொல்லாமலே செய்பவை. அவர்களை உள்ளே விட்டால் செய்வார்கள்.

உடனிருந்தவரையில் யான் கற்றது ஒன்றுண்டு. மயங்கியவரோடு வாதிடுதல் வீண். “எறும்பு இல்லை, பொய்” என்று சாதித்தால் அவர் அஞ்சுவார். எறும்பு உண்டென்று ஒத்தாடுவதும் கூடாது. “மாமா, இது ஆசுப்பத்திரி. இன்று சனிக்கிழமை. குடலிலே ஒப்பறேசன் நடந்தது. நான் தங்கச்சியின் மகன். எறும்பு எனக்குத் தெரியவில்லை; நான் பக்கத்தில் இருக்கிறேன்” என்று மெல்லப் பலகாற் சொன்னேன். ஞாயிறன்று அவர் கண் விழித்து, “தம்பி, நீர் இன்னும் வீட்டை போகேல்லையோ?” என்றார். தம்பி என்றும் நீர் என்றும் அவர் வாயினின்று மீண்டும் கேட்ட அச்சொற்கள் எனக்குப் பெரியதோர் செல்வமாயின. செவ்வாய்க்கிழமைக்குள் மாதங்களைப் பின்னிருந்து முன்னாகத் தடையின்றிச் சொன்னார்.

எல்லார்க்கும் இவ்வாறு விரைந்து நீங்குவதில்லை. சிலர்க்கு வாரங்களும் மாதங்களும் செல்லும். முன்னரே நினைவு தளர்ந்திருந்தவர் சிலர் பழைய நிலைக்கு முற்றும் மீளாமலும் போவர். மாமாவுக்கும் அந்நாட்கள் துண்டு துண்டாகவே நினைவிலுள்ளன. எறும்பு நினைவிருக்கிறது, மகனை ஏசியது நினைவில்லை. பின்னர் எவரோ அவரிடம் அதைச் சொல்லிவிட, வெட்கமுற்று மூன்று நாள் ஒருவரோடும் பேசாதிருந்தார். அஃது அவர் பேச்சன்று, மருந்தின் பேச்சு என்று மைத்துனனே அவரிடம் கூறினான். எனக்கு அவன் தந்த விடையும் அதுவே எனக் கொண்டேன்.

ஆறு மாதம் சென்று வயிற்று வாயிலை மூடுதற்கு இரண்டாம் சத்திர சிகிச்சை வந்தது. இம்முறை மாமா தாமே ஒரு கணக்குக் கொப்பியின் முதற்பக்கத்தில் கோடிட்டு, குளிசையின் பெயர், அளவு, வேளை, எந்த நாளிலிருந்து என்று நான்கு நிரலாக எழுதினார். நித்திரைக் குளிசைக்கு நேரே ‘நிறுத்தப்பட்டது’ என்று சிவப்பு மையால் எழுதி நாளும் இட்டிருந்தார். யான் சிங்களத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதி அதனோடு இணைத்தேன்: இவர் முன்பு மயங்கினார், இவர் இயல்பாகப் பேசுவது இவ்வாறு, கண்ணாடி இல்லாமல் எதிரிலுள்ளார் முகம் தெரியாது, தமிழிற் பேசி அறிய இன்னாரை அழைக்கலாம். மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர் இரண்டையும் படித்து, தம் கோவையில் வைத்துக்கொண்டார்.

முதல் நாள் இரவு நள்ளிரவுக்குப் பின் சிறிது தடுமாறினாராம், மைத்துனன் உடனிருந்தான். விடியற்காலையில் யான் சென்றபொழுது, கண்ணாடியை அணிந்து சாளரப் பக்கம் திரும்பியிருந்த மாமா, “மத்திய நிலையத்திலை இண்டைக்குப் பெரிய வெங்காயம் கிலோ என்ன விலையாம், தம்பி?” என்று கேட்டார்.